பாப்பம்

வாடகையில் நூற்றிருபது டொலர் குறையும் என்றதும்
பதினேழு மாடிக்காரரும் கையெழுத்து வைத்தோம்.
புகைமணிக்குப் பக்கத்தில் வெள்ளையாய் ஒன்று பூட்டினார்கள்,
கவிழ்த்த சிரட்டை அளவு.
பிள்ளைகள் அதைச் சிரட்டை என்றே கூப்பிட்டார்கள்.

சிரட்டை எல்லாம் கேட்டது.
ஆங்கிலம் முதல் மாதமே பிடிபட்டுவிட்டது,
பிறகு பஞ்சாபி, மண்டரின், தகாலோக்.
தமிழில்தான் தடக்குப்பட்டது.
‘பாப்பம்’ என்றால் என்ன என்று
ஆறு கிழமையாய் அதற்கு விளங்கவில்லை.

அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது.
மார்க்கம் ரோட்டில் தளபாடக் கடைக்கு மேல்மாடி.
மணிக்கு இருபத்துநான்கு டொலர்,
ஒரு ஹெட்போன்,
எனக்கு முதல் இருந்தவர் விட்டுப்போன
முதுகுத் தலையணையோடு ஒரு கதிரை.

துண்டு 40,118. ஆண். குளியலறை எதிரொலி.
“வாற மாசம் பாப்பம்.”
காசு இல்லையா, மனம் இல்லையா?
அழுத்து.
துண்டு 40,119. பெண். பின்னால் தண்ணீர்ச் சத்தம்.
“ம்.”
சம்மதம், சலிப்பு, அழுகைக்குச் சற்று முந்தியது.
ஒன்றைத் தெரிவுசெய்.

நான் கெட்டிக்காரி.
மூன்று மாதத்தில் பதினொரு ‘ம்’ பிரித்துக் கொடுத்தேன்.
மூக்கால் வருவது. தொண்டையிலேயே நின்றுவிடுவது.
மாமியாருக்குச் சொல்வது.
யாரோ ஒட்டுக்கேட்கிறான் என்று தெரிந்து
தொலைபேசியில் சொல்வது. அதற்குத் தனி நிறம்.
கோர்ட்னி பெட்டி நிறைய டோனட் வாங்கி வந்தாள்,
துல்லியம் தொண்ணூற்றாறு என்றாள்.

பிறகு படிவத்தின் அடியில் புதிதாய் ஒரு கேள்வி:
இவரைக் கவனிக்க வேண்டுமா?
ஓம். இல்லை.
பெயர் இல்லை, முகம் இல்லை, வீட்டிலக்கம் இல்லை.
ஓம் என்றால் என்ன நடக்கும், என்று கேட்டேன்.
ஒன்றும் நடக்காது, வெறும் ஒரு புள்ளி, என்றாள்.

1207இல் இருக்கும் சிவநேசன் அண்ணைக்கு
சித்திரையில் டாக்சி உரிமம் வரவில்லை.
ரஞ்சனாவின் மகனைப் பள்ளிக்கூடத்தில் தனியறைக்குக் கூப்பிட்டு
அவன் நித்திரையில் கதைத்ததைப் பற்றிக் கேட்டார்கள்.
யாரும் யாரையும் அடிக்கவில்லை.
சிலருக்கு மட்டும் கட்டடக் கதவு
அட்டையைத் தேய்க்கத் தேய்க்கச் சிவப்புக் காட்டியது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மாசியில் ஒரு பின்னேரம், வெளியே பனி கொட்டுகிறது.
துண்டு 61,530. ஆண், அறுபது தாண்டிய குரல்.
யாரிடமோ சோற்றுக் கோப்பைக்கு மேலால் சொல்கிறார்:
“எங்களை வரிசையா நடக்க விட்டாங்கள்.
ஜீப்புக்குள்ள தலையாட்டி.
தலையில சாக்கு, ரெண்டு ஓட்டை.
அவன் வாய் திறக்கேல்ல.
எனக்கு முன்னால போனவனுக்குத் தலையை ஆட்டினான்.
அவ்வளவுதான்.”
பிறகு நீளமாய் ஒரு ‘ம்’.
என் பதினொன்றில் எதுவுமில்லை அது.

காது இரண்டும் மூடியிருந்தன. அறை இருட்டு.
திரையில் இரண்டு பொத்தான்கள்
கண்ணளவு வெளிச்சமாய்.
நான் பிறந்தது இங்கே, செண்டினறி ஆஸ்பத்திரியில்.
சணல் சாக்கை என் கையால் தொட்டதே இல்லை.
ஆனாலும் மூச்சு அதற்குள்தான் முட்டியது.

அன்றிலிருந்து எல்லாருக்கும் இல்லை போட்டேன்.
கோபத்துக்குப் பசி என்று, பயத்துக்குத் தடிமன் என்று,
தொண்டையில் நின்றதற்கெல்லாம் சம்மதம் என்று.
ஒன்பதாம் நாள் கோர்ட்னி கூப்பிட்டாள்.
களைப்பாய் இருக்கிறாயா?
அடுத்த ஒப்பந்தத்துக்கும் நிற்பாய்தானே?
அவளுக்குத் தமிழ் தெரியாது,
அந்தத் துணிவில் சிரித்துக்கொண்டு சொன்னேன்:
பாப்பம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
மேசையில் இருந்த கண்ணாடித் தட்டைப் பார்த்தாள்.
தலைகீழாய் எனக்கும் வாசிக்க முடிந்தது:
மறுப்பு. பேசுபவர் அஞ்சுகிறார்.
நம்பகம், தொண்ணூற்றாறு.

சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

எக்லிங்டன் பஸ் வரவில்லை.
முழங்கால் பனியில் நடந்தே வந்து
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
கதவில் அட்டையைத் தேய்த்தேன்.